கிராண்ட் ரோடு தெரியும்... யார் அந்த கிராண்ட்?

தென்காசி, குற்றாலம் பக்கம் விசாரிச்சுப் பாருங்க, மும்பைக்குப் பிழைக்கப் போன சொந்தக்காரர் யாராவது இருப்பார். அவருக்கு கிராண்ட் ரோடு ஸ்டேஷன் நிச்சயம் தெரியும். அந்தப் பெயருக்குரியவர் ஒரு பாட்டுக்காரர் என்பது தெரிந்திருக்குமா?

சர் ராபர்ட் கிராண்ட், 1835 முதல் 1838 வரை பம்பாய் கவர்னர். சர்ச்சில் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான ‘ஓ வொர்ஷிப் த கிங்’ பாடலை எழுதியவர் இவர்தான். அதற்கு அடிப்படை 104-ம் சங்கீதம். மலைகளுக்கு இடையே நீரூற்றுகள் ஓடுவதைச் சொல்லும் சங்கீதம் அது. சாரல் சீசனில் ஐந்தருவிக்குப் போனவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்!

கிராண்ட் பிறந்தது வங்காளத்தில். அப்பா சார்லஸ் கிராண்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராகவே இருந்தவர். செல்வாக்கான குடும்பம்தான். ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மகன் கையில் எடுத்தது, ஓட்டு வாங்கித் தராத ஒரு விஷயம். அப்போது கிறிஸ்தவ முறைப்படி உறுதிமொழி எடுத்தால்தான் எம்.பி. ஆக முடியும். அதனால் யூதர்களுக்குக் கதவு சாத்தியே கிடந்தது. அதைத் திறக்க 1830-ல் கிராண்ட் மசோதா கொண்டுவந்தார்; தோற்றது. 1833-ல் மறுபடியும் கொண்டுவந்தார். கீழவை ஏற்றது, பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. அந்தப் பாடல் அச்சில் வந்ததும் அதே வருஷம்தான். சட்டம் மாறியது 1858-ல். அப்போது அவர் இறந்து 20 வருஷம் ஆகியிருந்தது.

பம்பாயில் இந்தியர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்த பள்ளியை 1832-ல் மூடியிருந்தார்கள். அதற்குப் பதிலாக முறையான கல்லூரி வேண்டும் என்று கிராண்ட் வாதாடினார். அது நிறைவேறுவதற்குள், 1838 ஜூலை 9-ல் புனே அருகே தபோடியில் இறந்துபோனார். 1845-ல் திறந்த கிராண்ட் மருத்துவக் கல்லூரி இன்றும் இயங்குகிறது.

இதோடு நிறுத்தினால் நல்லவர் கதை. ஆனால் ஏடன் என்று ஒன்று இருக்கிறதே! 1837-ல் ஏடன் அருகே தரைதட்டிய ஒரு மதராஸ் கப்பல் கொள்ளைபோனது. சூயஸ் வழியில் நிலக்கரி நிரப்ப ஒரு துறைமுகம் தேடிக்கொண்டிருந்த பம்பாய் அரசுக்கு அது வசதியான காரணமாகிவிட்டது. ஏடனை எடுத்துக்கொள்ளலாம் என்பதில் கிராண்டுக்குத் தயக்கமே இல்லை. பேரம் பேச ஆளும் அனுப்பினார்.

1839 ஜனவரியில் பம்பாய்ப் படை ஏடனைப் பிடித்தது. கிராண்டின் பாடல்களை அவருடைய அண்ணன் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1839-ல்தான். ஏடனை விட்டு பிரிட்டிஷார் வெளியேற 1967 ஆனது.