கோல் கோட்டுக் காவலர்கள் – 12: தலையில் கட்டு, தலையால் கோல்

சென்ற வாரம் ஸ்லோவாக்கிய டிஃபெண்டர் ஆன்டன் ஒன்ட்ரூஷைப் பார்த்தோம். 1976 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக முதல் கோலைப் போட்டார். அதே ஆட்டத்தில் சேம் சைடு கோல் போட்டு நெதர்லாந்துக்குச் சமநிலையையும் கொடுத்தார். கடைசியில் செக்கோஸ்லோவாக்கியாவின் கேப்டனாகக் கோப்பையோடு ஊர் திரும்பினார். அந்த ஸ்லோவாக்கியத் தற்காப்பு மரபின் அடுத்த தலைமுறை வாரிசு மார்ட்டின் ஷ்கிர்ட்டெல். மொட்டைத் தலை, இறுகிய தாடை, பச்சை குத்திய கைகள். பார்த்தாலே எதிரணி ஃபார்வர்டு ஒரு அடி தள்ளி நிற்பார். ஆனால் அவருடைய கதையில் நான் மதிப்பது அந்தத் தோற்றத்தை அல்ல. உலகமே பார்க்கும்படி தவறு செய்துவிட்டு, அடுத்த பந்துக்குத் தயாராக நின்ற அவருடைய மனத்திடத்தைத்தான்.

1984 டிசம்பர் 15 அன்று ஹண்ட்லோவா என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது, 1993 ஜனவரி 1 அன்று, செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தது. புதிதாகப் பிறந்த ஸ்லோவாக்கியாவின் மக்கள்தொகை ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டும். திறமைசாலிகள் வெளிநாட்டுக்குப் போனால்தான் பெரிய ஆட்டம் பார்க்க முடியும். ட்ரென்சின் கிளப்பில் தொழில்முறை ஆட்டக்காரரான ஷ்கிர்ட்டெல், 2004-இல் ரஷ்யாவின் ஜெனித் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணிக்குப் போனார். அந்த ஆண்டே தேசிய அணிக்கும் முதல் முறையாக ஆடினார். 2007-இல் டிக் அட்வோகாட் பயிற்சியில் ஜெனித் ரஷ்ய லீக்கை வென்றபோது அதன் தற்காப்பின் நடுவில் நின்றவர் இவர்தான்.

2008 ஜனவரியில் லிவர்பூல் அவரை 65 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதுவரை ஒரு டிஃபெண்டருக்கு அந்த கிளப் அவ்வளவு கொடுத்ததில்லை. அந்த மாதமே எஃப்.ஏ. கோப்பையில், ஆன்ஃபீல்டு மைதானத்தில், முதல் முறையாகத் தொடக்க வரிசையில் இறங்கினார். எதிரே ஹேவன்ட் அண்ட் வாட்டர்லூவில் என்ற கிளப். கீழ்மட்ட லீக் ஒன்றில் ஆடும், வேறு வேலைகளும் பார்த்துக்கொண்டு கால்பந்து ஆடுபவர்களின் அணி. அந்த அணி இரண்டு முறை முன்னிலை பெற்றது. இரண்டாவது முறை பந்து ஷ்கிர்ட்டெல் மேல் பட்டுத் திசை மாறி வலைக்குள் போனது. லிவர்பூல் கடைசியில் 5–2 என்று வென்றது. ஆனாலும் 'இவரையா இவ்வளவு காசு கொடுத்து வாங்கினார்கள்?' என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

பயிற்சியாளர் ரஃபா பெனிட்டெஸ் அவரைக் கைவிடவில்லை. கேரகர், ஹூப்பியா, ஆகர் என்று பெரிய பெயர்களுக்கு நடுவே ஷ்கிர்ட்டெல் தன் இடத்தைப் பிடித்தார். 2011–12 பருவத்தில் லிவர்பூலின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். அந்தப் பருவத்தின் லீக் கோப்பை இறுதிப்போட்டி 2012 பிப்ரவரியில் வெம்ப்ளியில் நடந்தது. கார்டிஃப் சிட்டி முன்னிலையில் இருக்க, 60-ஆவது நிமிடத்தில் சமன் செய்தவர் ஷ்கிர்ட்டெல். பெனால்டி வரை போன அந்த ஆட்டத்தை லிவர்பூல் வென்றது. அந்த கிளப்பில் அவருக்குக் கிடைத்த ஒரே கோப்பை அது.

ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 2012 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகத் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். 2–1 என்று லிவர்பூல் முன்னிலையில் இருந்தபோது, கோல்கீப்பருக்கு அவர் அனுப்பிய பேக் பாஸ் சிட்டியின் டெவெஸ் காலில் விழுந்தது. 2–2. ஒரே ஆட்டத்தில் கொடுத்ததும் அவர், எடுத்ததும் அவர்.

2013–14 பருவத்தில் இது உச்சத்துக்குப் போனது. பிரெண்டன் ரோஜர்ஸின் லிவர்பூல் அந்த லீக்கில் 101 கோல் அடித்தது, 50 கோல் வாங்கியது. சாம்பியன் பட்டத்தை 2 புள்ளியில் தவறவிட்டது. ஷ்கிர்ட்டெல் 7 கோல் அடித்தார். 4 சேம் சைடு கோலும் போட்டார். ஒரே பிரீமியர் லீக் பருவத்தில் 4 என்பதை இன்றும் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. அதே பருவத்தில் ஆர்சனலுக்கு எதிராக முதல் பத்து நிமிடத்துக்குள் அவர் அடித்த இரண்டு கோல்களை அவர்கள் சொல்வதில்லை. ஜெரார்டு அனுப்பிய ஃப்ரீ கிக்கில் ஒன்று, கார்னரில் ஒன்று. அன்று 20 நிமிடத்தில் ஸ்கோர் 4–0. முடிவில் 5–1.

சேம் சைடு கோல் எப்படி விழுகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். எதிரணி விங்கர் கோட்டோரம் ஓடிவந்து, தாழ்வாக, வேகமாக ஒரு கிராஸ் போடுகிறார். பந்து கோல்கீப்பர் கைக்கு எட்டாத தூரத்தில், டிஃபெண்டருக்கும் கோலுக்கும் நடுவே பாய்கிறது. டிஃபெண்டர் தன் சொந்த கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஸ்ட்ரைக்கரின் மூச்சு கேட்கிறது. காலை நீட்டாமல் விட்டால் ஸ்ட்ரைக்கர் தட்டிவிடுவார், அது கோல். நீட்டினால் பந்து கார்னருக்குப் போகலாம், வலைக்கும் போகலாம். முடிவெடுக்க அரை நொடிகூடக் கிடையாது. காலை நீட்டாதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. நீட்டியவர் பெயர் ஸ்கோர்போர்டில் வரும். ஷ்கிர்ட்டெல் எப்போதும் நீட்டுபவர்.

அவருடைய குறைகளை மறைக்கவும் வேண்டியதில்லை. கார்னர் சமயத்தில் எதிரணி ஆட்டக்காரர்களின் சட்டையைப் பிடித்து இழுப்பார். நடுவர் பார்த்திருந்தால் பெனால்டி கொடுத்திருக்க வேண்டிய தருணங்கள் பல. அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் பயந்து ஒதுங்கினார் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

2010 உலகக் கோப்பையில் அந்த அஞ்சாமையை உலகம் பார்த்தது. தனி நாடான பிறகு ஸ்லோவாக்கியா ஆடிய முதல் உலகக் கோப்பை அது. நியூசிலாந்துடன் டிரா, பராகுவேயிடம் தோல்வி. ஜூன் 24 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் நடப்பு சாம்பியன் இத்தாலியை வென்றே ஆக வேண்டும். விட்டெக் அடித்த கோலில் 1–0 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் இத்தாலியின் குவாக்லியரெல்லா அடித்த பந்து கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. கோல் கோட்டின் மேல் நின்ற ஷ்கிர்ட்டெலின் முழங்காலில் பட்டுத் திரும்பியது. பந்து கோட்டை முழுதாகத் தாண்டியதா என்று இத்தாலியர்கள் வாதாடினார்கள். நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். சில நிமிடங்களில் விட்டெக் இரண்டாவது கோலையும் அடித்தார். முடிவில் ஸ்லோவாக்கியா 3–2. சாம்பியன் இத்தாலி தன் பிரிவில் கடைசி இடத்தோடு வீடு திரும்பியது. கோல் அடித்தவர்கள் வேறு. ஆனால் அந்த முழங்கால் இல்லையென்றால் அந்த வெற்றி இல்லை.

லிவர்பூல் ரசிகர்கள் மறக்காத நாள் 2014 டிசம்பர் 21. ஆன்ஃபீல்டில் ஆர்சனல். ஒரு மோதலில் கீழே விழுந்த ஷ்கிர்ட்டெலின் தலையை ஆர்சனலின் ஜிரூவுடைய பூட்ஸ் மிதித்துவிட்டது. ரத்தம் கொட்டியது. சிகிச்சை நெடுநேரம் நடந்தது. அதனால்தான் கடைசியில் 9 நிமிடம் இன்ஜுரி டைம் கொடுத்தார்கள். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் மீண்டும் களம் இறங்கினார். பிறகு ஜிரூவே கோல் அடிக்க, ஆர்சனல் 2–1. இன்ஜுரி டைமில் போரினி சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, லிவர்பூலில் பத்துப் பேர்தான் மிச்சம். 97-ஆவது நிமிடத்தில் லல்லானா கார்னர் எடுத்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த ஷ்கிர்ட்டெல் எழும்பினார். அடிபட்ட தலையாலேயே முட்டினார். 2–2. ஒரு டிரா ஆட்டத்துக்கு அந்த மைதானம் அப்படி அதிர்ந்ததென்றால் காரணம் அவர்தான்.

2016-இல் ஸ்லோவாக்கியா முதன்முதலாக ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது கேப்டன் அவர். ரஷ்யாவை வென்று, இங்கிலாந்தைக் கோலடிக்க விடாமல் நிறுத்தி, அணியை நாக்-அவுட் சுற்றுக்குக் கொண்டுபோனார். அங்கே ஜெர்மனி தடுத்தது. அந்தக் கோடையில், 320 ஆட்டங்களுக்குப் பிறகு, லிவர்பூலை விட்டுத் துருக்கியின் ஃபெனர்பாச்சேவுக்குப் போனார். 2019-இல் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். அந்த ஆண்டு இத்தாலியின் அட்லாண்டாவில் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் விலகி, இஸ்தான்புல் பஷாக்ஷெஹிரில் சேர்ந்தார். 2019–20 பருவத்தில் அந்த கிளப் தன் வரலாற்றின் முதல் துருக்கி லீக் பட்டத்தை வென்றது. அவர் எட்டரை ஆண்டு காத்தும் கிடைக்காத லீக் பட்டம் லிவர்பூலுக்கு வந்ததும் அதே பருவத்தில்தான். குதிகால் தசைநார்க் காயம் அவரை அதன் பிறகு நெடுநாள் உட்கார வைத்தது. கடைசியாகத் தாய்நாட்டின் ஸ்பார்டக் டர்னாவா அணிக்கு ஆடி, 2022-இல் ஓய்வு பெற்றார்.

ஸ்லோவாக்கியாவுக்காக 104 ஆட்டங்கள். நான்கு முறை அந்நாட்டின் சிறந்த கால்பந்து வீரர் விருது. உலகின் ஆகச் சிறந்த டிஃபெண்டர்கள் வரிசையில் ஷ்கிர்ட்டெலுக்கு இடமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அணிக்கு ஒரு டிஃபெண்டரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தவறே செய்யாதவரைத் தேட மாட்டேன். அப்படி ஒருவர் இல்லை. தவறு செய்த மறு நிமிடம் பந்தைத் தனக்கு அனுப்பச் சொல்லிக் கையைத் தூக்குபவரையே எடுப்பேன். ஒரு டிஃபெண்டர் சறுக்கும்போது டி.வி.யில் ரீப்ளேவை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பிந்தைய ஐந்து நிமிடம் அவர் எப்படி ஆடுகிறார் என்று கவனியுங்கள். அவரை எடைபோட வேண்டிய இடம் அதுதான்.

(தொடரும்)