புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் விட்ட கதை

1992-ம் ஆண்டு உலக மகளிர் தினம். புதுக்கோட்டை நகரத்து வீதிகளில் ஒரே மணிச்சத்தம்.

கோவில் மணியா? இல்லை. பள்ளிக்கூடத்து மணியா? அதுவும் இல்லை. எல்லாம் சைக்கிள் மணி!

ஹேண்டில் பாரில் கொடி பறக்க, 1,500-க்கு மேற்பட்ட சைக்கிள்கள் வந்தன. ஓட்டி வந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஊர் மக்கள் திகைத்துப் போய் நின்றார்கள்.

திகைப்புக்குக் காரணம் உண்டு. அதற்கு ஓரிரு வருஷம் முன்பு வரை, இந்த ஜில்லாவின் கிராமங்களில் ஒரு பெண் சைக்கிளில் போவது அபூர்வம். அப்பா ஓட்டினால் மகள் பின்னால் கேரியரில் உட்காரலாம். புருஷன் ஓட்டினால் பெண்டாட்டி உட்காரலாம். ஹேண்டிலைப் பிடிக்கும் உரிமை ஆணுக்குத்தான்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக் கொண்டார்கள். சின்னஞ்சிறு பெண் பிள்ளைகளைக் கழித்துவிட்டால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் கற்றவர் ஆகிவிட்டார்.

எழுத்தோடு வந்த சக்கரம்

கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லா 1990-ல் முழு எழுத்தறிவு பெற்றது. அதைப் பார்த்து நாட்டின் பல பகுதிகளிலும் எழுத்தறிவு இயக்கங்கள் தொடங்கின. புதுக்கோட்டையில் 1991-ல் 'அறிவொளி இயக்கம்' வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி.

அறிவொளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் தொண்டர்கள். அவர்களில் பெண்கள் பலர். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வரும் கிராமத்தாருக்கு இருட்டிய பிறகுதான் படிக்க நேரம். அந்த நேரத்தில் தொண்டர் ஊர் ஊராகப் போக வேண்டும்.

புதுக்கோட்டைச் சீமையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஜில்லாவின் பரப்பு 4,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். செம்மண் பூமி, மழையையும் கண்மாயையும் நம்பிய விவசாயம். ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். பஸ்சைத் தவறவிட்டால் அடுத்த பஸ்சுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெண்ணுக்கு எழுத்தைக் கொடுத்தால் போதாது, போக வரவும் வழி வேண்டும் என்று கலெக்டர் நினைத்தார். சைக்கிள் பயிற்சியையும் எழுத்தறிவோடு சேர்த்தார். முதலில் பெண் தொண்டர்களுக்குப் பயிற்சி. அவர்களைப் பார்த்துப் படிக்க வந்த பெண்களுக்கும் ஆசை வந்தது. சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும்படி பாங்குகளைக் கலெக்டர் வற்புறுத்தினார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இதில் தனித்தனி வேலை ஒப்படைக்கப்பட்டது.

கற்றவர்கள் யார் யார்? வயல் வேலை செய்கிறவர்கள், குவாரியில் கல் உடைக்கிறவர்கள், கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள், பால்வாடி ஆயாக்கள், கிராம நர்சுகள், வாத்தியாரம்மாக்கள். முஸ்லிம் பெண்களும் முன்வந்தார்கள். கற்ற பெண் சும்மா இருக்கவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அவளே வாத்தியார் ஆனாள்.

கீழே பார்க்காதே, அக்கா!

வயது வந்த பெண் சைக்கிள் கற்பது சிறு பிள்ளை கற்பது போல் அல்ல. பையன்கள் ஏழெட்டு வயதில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டே கற்று விடுகிறார்கள். விழுந்தாலும் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து விடுவார்கள். நாலு பேர் பார்க்க விழுவதற்குப் பெரியவர்களுக்குக் கூச்சம்.

முதல் காரியம் சேலை. கொசுவத்தைச் சற்று மேலே தூக்கிக் கட்ட வேண்டும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருக வேண்டும். இல்லாவிட்டால் செயின் தின்றுவிடும். செயின் மசி பட்ட சேலையை எந்தச் சோப்பாலும் வெளுக்க முடியாது!

அப்புறம் ஒருவர் பின்னால் கேரியரைப் பிடித்துக் கொள்வார். "மிதி அக்கா, மிதி. கீழே பார்க்காதே. தூரத்தில் பார்" என்று கூடவே ஓடுவார். அக்காவோ, "விட்டுடாதே ஆத்தா!" என்று கத்துவாள். அவள் கத்தும்போதே கேரியரை விட்டு ரொம்ப நேரம் ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. உடனே தடால்!

சைக்கிள் விழாமல் போவதன் சூட்சுமம் என்ன?

உள்ளங்கையில் ஒரு குச்சியை நிமிர்த்தி வைத்து விளையாடும் பிள்ளையைப் பாருங்கள். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே கையை நகர்த்துகிறான். குச்சி நிமிர்ந்து கொள்கிறது. சைக்கிளும் அப்படியே. இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலை லேசாக இடது பக்கமே திருப்ப வேண்டும். சக்கரம் நம் பாரத்துக்கு அடியில் வந்து தாங்கிக் கொள்கிறது. புதிதாகக் கற்பவர்கள் பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்புகிறார்கள், விழுகிறார்கள். பழகிவிட்டால் கை தானாகவே திருப்பும். புத்திக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. மெதுவாகப் போனால் விழுவோம். கொஞ்சம் வேகமாகப் போனால் விழமாட்டோம். இதைப் பெண்களை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு.

பார் வைத்த சைக்கிள்தான் வேண்டும்

பெண்களுக்கென்று நடுவில் பார் இல்லாத 'லேடீஸ் சைக்கிள்' உண்டு. சேலையோடு ஏறச் சுலபம். புதுக்கோட்டையில் அது தட்டுப்பாடாகிவிட்டது. கடைகளில் வந்த வேகத்தில் விற்றது. கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. சில பெண்கள், "எங்களுக்கு ஆண்கள் சைக்கிளே நல்லது" என்று சொல்லி விட்டார்கள். ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பாரில் குழந்தை. லண்டனிலும் பர்மிங்காமிலும் சைக்கிளைத் திட்டம் போட்டுச் செய்த என்ஜினீயர்களுக்கு இது தோன்றியிருக்குமா?

ஊர் வாய்

ஊர் வாயை மூட முடியுமா? கேலி செய்தார்கள். அசிங்கமாகப் பேசியவர்களும் உண்டு. "பொம்பளைக்கு எதுக்குச் சைக்கிள்?" என்ற பேச்சு திண்ணைக்குத் திண்ணை நடந்தது.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. 1897-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், பெண்களுக்கும் முழுப் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்த்த மாணவர்கள் ஒரு பெண் பொம்மை செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். அந்தப் பொம்மை எதன் மேல் உட்கார்ந்திருந்தது? சைக்கிள் மேல்! படித்த பெண் என்றாலே அவர்களுக்குச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது. அந்த ஓட்டில் பெண்கள் தோற்றார்கள். முழுப் பட்டம் கிடைக்க 1948 வரை காத்திருந்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் டாக்டர்கள் சிலர், சைக்கிள் விடும் பெண்ணின் முகமே கோணிப் போகும் என்று பயமுறுத்தினார்கள். அதைக் கேட்டு எந்தப் பெண்ணும் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. மூன்று குழந்தைகளுக்குத் தாயான ஆனி லண்டன்டெரி, 1894-ல் உலகத்தைச் சுற்றச் சைக்கிளோடு புறப்பட்டு மறு ஆண்டே திரும்பி வந்தார்.

புதுக்கோட்டையிலும் இப்படி ஒரு பழைய கதை உண்டு. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது ஆட்சேபணைகள் எழுந்தன. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவற்றைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். 1912-ல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

மிச்சமான நேரம் யாருக்கு?

சைக்கிளால் வருமானம் கூடியது உண்மைதான். காய்கறியும் தானியமும் விற்கும் பெண்கள் பஸ்சுக்குக் காத்திருக்காமல் நாலு ஊர் கூடுதலாகப் போய் வந்தார்கள். இதைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் இந்தக் கணக்கையே முன்னால் வைத்தார்கள்.

பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேரில் வந்து பார்த்தார். அவர் எழுதிய கட்டுரை பிறகு 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் சேர்ந்தது. வடநாட்டுப் பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் பல ஆண்டுகள் இருந்தது. பணம் முக்கியம்தான், ஆனால் அதை மட்டும் பார்க்கக் கூடாது. தன்மானமும் யாரையும் எதிர்பார்க்காத நிலையுமே இதன் உயிர் என்ற கருத்தை அதில் அவர் சொன்னார்.

இன்னொரு கணக்கும் போடலாம். ஆறு கிலோமீட்டர் நடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சைக்கிளில் அரை மணி போதும். போக வர, ஏறக்குறைய ஒன்றரை மணி மிச்சம்.

அந்த ஒன்றரை மணி யாருடையது? கிராமத்துப் பெண்ணுக்கு 'ஓய்வு' என்று தனியாக ஒரு நேரம் கிடையாது. ஆண்களுக்கு டீக்கடை உண்டு, ஆலமரத்தடி உண்டு. பெண் சும்மா உட்கார்ந்தால் "வேலை இல்லையா?" என்று அப்பத்தாவே கேட்பாள். சைக்கிள் வந்த பிறகு கடைக்குப் போவது, மாவு அரைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் "நீதான் சைக்கிளில் போறியே" என்று அவள் தலையிலேயே விழுந்த வீடுகளும் இருக்கும். கற்ற எல்லாருக்கும் சொந்தச் சைக்கிளும் இல்லை. புருஷன் சைக்கிள் திண்ணையில் நின்றால்தான் அவளுக்கு சவாரி.

ஆனாலும் ஒன்றை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியவில்லை. போகும் வழி அவளுடையது. கண்மாய்க் கரையில் எதிர்க்காற்றில் மிதித்து மேட்டில் ஏறி, இறக்கத்தில் மிதிக்காமலே காலை நிறுத்திப் போகிறாளே, அந்த இரண்டு நிமிஷம் வேலையா, விளையாட்டா?

பரிசுக்காக மிதித்தவர்கள்

விளையாட்டு என்றே வைத்துக் கொண்டவர்களும் ஏராளம். அறிவொளி நடத்திய சைக்கிள் காட்சிகளிலும் போட்டிகளிலும் 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் கலந்து கொண்டார்கள். பயிற்சி முகாமுக்கு ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் இருந்த நல்ல சேலையை உடுத்தி வந்தார்கள், திருவிழாவுக்குப் போவது போல.

வெளிநாட்டில் 'டிரையத்லான்' என்று ஒரு போட்டி உண்டு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் ஒருவரே செய்து முடிக்க வேண்டும். 1978-ல் ஹவாயில் இதைப் பெரிய அளவில் நடத்தினார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42 கிலோமீட்டர் ஓட்டம். நினைத்தாலே மூச்சு வாங்குகிறது! 15 ஆண்கள் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். மறு ஆண்டு லின் லெமேர் என்ற ஒரே பெண் ஆண்களோடு இறங்கி 5-வதாக வந்தார். அவர் பழகிய சைக்கிள்காரர். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கிலும் இந்தப் போட்டி சேர்ந்தது.

இதில் கலந்து கொள்கிறவர்களில் மிகப் பலர் பணத்துக்கு விளையாடுகிறவர்கள் அல்ல. விடியுமுன் எழுந்து ஓடிவிட்டு, பிறகு ஆபீசுக்குப் போகிறவர்கள். புதுக்கோட்டைப் பெண்ணும் விடியுமுன்தான் எழுந்தாள். குடத்தோடு நடந்தாள். குவாரிக்குச் சைக்கிள் மிதித்தாள். சாயங்காலம் பாட வகுப்புக்கு மறுபடியும் மிதித்தாள். அவளை விளையாட்டு வீராங்கனை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த தலைமுறை

2001-க்குப் பிறகு, மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத் தமிழ்நாடு சர்க்கார் இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் மற்ற மாணவ மாணவிகளுக்கும் கிடைத்தது. பீகார் சர்க்கார் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் 32 சதவீதம் கூடியதாகப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இப்போது பல பெண்கள் மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் போகிறார்கள். சைக்கிளில் நிதானம் கற்றவருக்கு அது பெரிய வித்தை அல்ல.

இதுவரை கற்காத அம்மாக்களுக்கு ஒரு யோசனை. சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு பாதமும் தரையில் படும்படி வையுங்கள். பெடல் இரண்டையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். லேசான சரிவில் காலால் உந்தி உந்திப் போய்ப் பழகுங்கள். இரண்டு காலையும் தூக்கியபடி பத்தடி தூரம் போக வந்துவிட்டால், பெடலை மாட்டிக் கொள்ளலாம். கேரியரைப் பிடித்துக் கொண்டு ஓட ஆள்கூடத் தேவையில்லை.