மேடையில் பிந்தினார், வகுப்பறையில் முந்தினார்

பாலே கலைஞர்களின் மேடை வாழ்க்கை குறுகியது. நாற்பது வயதுக்குள் முழங்காலும் கணுக்காலும் மக்கர் செய்யத் தொடங்கிவிடும். பிறகு பலர் போய்ச் சேரும் இடம், வகுப்பறை. அப்படிப் போனவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர், ரஷ்யாவின் அக்ரிப்பினா வாகனோவா.

1879-இல் பிறந்தவர். அப்பா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மரீன்ஸ்கி அரங்கில் ஊழியர். மகளுக்கு அதே மேடையில் ஆட இடம் கிடைத்தது. நாயகி வேடம்தான் லேசில் வரவில்லை. பாலரினா என்ற அந்தஸ்து 1915-இல் வந்தது. அடுத்த ஆண்டே ஓய்வு!

1921-இல், தான் படித்த நடனப் பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பினார். தாவுவதற்குக் கால் மட்டும் போதாது. முதுகு உறுதியாகத் தாங்க வேண்டும், கைகள் உடலை மேலே தூக்கிவிட வேண்டும், தலை திரும்பும் கோணம்கூடப் பிசகக் கூடாது. இதுதான் அவருடைய பாடம். 1934-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். மரீனா செம்யோனோவா, கலீனா உலனோவா இருவரும் அவர் வார்த்தெடுத்த மாணவிகள்.

நடன அமைப்பிலும் சோடை போகவில்லை. 1935-இல் 'எஸ்மெரால்டா' பாலேவுக்காக அவர் அமைத்த 'டயானா - ஆக்டியான்' ஜோடி நடனம், இன்றும் பாலே போட்டிகளில் இளைஞர்கள் விரும்பி ஆடுவது.

வாகனோவா 1951-இல் மறைந்தார். 1957-இல் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பாலே கலைஞர்கள் ருடால்ஃப் நுரேயெவ், மிகயில் பரிஷ்னிகோவ் இருவரும் படித்தது அங்கேதான். இருவருக்கும் ஆசிரியர் அலெக்சாண்டர் புஷ்கின். அவரும் மேடையிலிருந்து வகுப்பறைக்கு வந்தவரே.