கூரைக்குள் ஒரு காலிக் குழாய்

ஒட்டன்சத்திரத்தில் பழனி சாலையிலோ தாராபுரம் சாலையிலோ சற்று தூரம் நடந்தால், கட்டிக் கொண்டிருக்கும் வீடு ஒன்றையாவது காணலாம். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் அப்படிப்பட்ட வீடு ஒன்றின் மேல் ஏறிப் பாருங்கள். (பெரியவர் ஒருவரின் துணையோடுதான்!) சென்ட்ரிங் பலகைகளின் மேல் இரும்புக் கம்பிகள் வலைபோலக் கட்டப்பட்டிருக்கும். வலைக்கு நடுவே பி.வி.சி. குழாய்கள் வளைந்து வளைந்து ஓடும். மறுநாள் கலவை இயந்திரம் வந்துவிடும். மாலைக்குள் குழாய்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். அந்த வீட்டில் இனி மின்சாரம் எந்த வழியாகப் போகும் என்பதும் பெரும்பாலும் அன்றே முடிவாகிவிடுகிறது.

பிறகு வெட்டிக் கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். சுவர் என்றால் காடி எடுத்துக் குழாயைப் பதித்துவிடலாம். தூசியும் செலவும்தான் நட்டம். தளம் அப்படியல்ல. அதன் கனமே நான்கு அல்லது ஐந்து அங்குலந்தான். இரும்புக் கம்பிக்குக் கீழே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் கான்கிரீட் போர்வை இருக்கும். அதைக் கொத்தி எடுத்தால் காற்றும் ஈரமும் இரும்பை அடைகின்றன. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும் பொருள். எனவே அது உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சேர்த்த பணத்தில் போட்ட தளம் அது!

ஆகவே முன்கூட்டியே குழாய் போட வேண்டும். எதற்கெல்லாம்? விளக்கு, விசிறி ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. குளிர்சாதனம், வெந்நீர்க் கொதிகலன், மாடி அறைக்கு இணையக் கம்பி, வாசலில் மின்சார ஸ்கூட்டருக்கு ஓர் இணைப்பு, மொட்டைமாடியில் சூரிய மின்பலகை ஆகியவையே மறந்து போகின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மின்பலகை வாங்க முன்வந்த பல வீடுகளில், மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்குக் கம்பி இறங்க வழி இல்லை. வெளிச்சுவரில் வெயிலில் காய்ந்தபடி அது தொங்குகிறது.

குழாய் போட்டால் மட்டும் போதுமா? போதாது. அதன் வளைவுகளையும் எண்ண வேண்டும். இதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பூட்டை நூலில் கட்டி, படுக்கை வசமாகப் பிடித்த பென்சிலின் மேல் போட்டு மறுமுனையை இழுத்துத் தூக்குங்கள். பிறகு நூலைப் பென்சிலில் ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றித் தூக்குங்கள். எவ்வளவு கடினம்! ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் லாரியில் மூட்டைகளை ஏற்றிக் கட்டுபவர், கயிற்றைக் கொக்கியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரு கையால் பிடித்துக் கொண்டு நிற்பதற்கும் காரணம் இதுவே.

18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர் இதை ஆராய்ந்தார். வளைவைச் சுற்றி இழுக்கும்போது தேவைப்படும் விசை ஒவ்வொரு வளைவிலும் கூடுவதில்லை, பெருகுகிறது! குழாய்க்கும் கம்பி உறைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக் கொள்வோம். ஒரு செங்கோண வளைவைக் கடந்தால் விசை ஏறக்குறைய 1.9 மடங்காகும். இரண்டு வளைவுகளில் 3.5 மடங்கு, மூன்றில் 6.6 மடங்கு, நான்கில் 12 மடங்குக்கு மேல். வளைவு பெரியதா, சிறியதா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை; மொத்தம் எத்தனை பாகை திரும்புகிறோம் என்பதே கணக்கு. (விறைப்பான கம்பிக்கு அகன்ற வளைவு நல்லது என்பது வேறு விஷயம்.) அதனால்தான் அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் இரண்டு மூன்று வளைவுகளுக்கு ஒரு ஜங்ஷன் பெட்டி வைக்கிறார். அங்கே இழுவை மீண்டும் புதிதாகத் தொடங்குகிறது. ஆய்லரைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் தோள்வலி அவருக்குச் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

அடுத்தது குழாயின் அகலம். 2000 வாட் கொதிகலன் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். மீட்டர் பெட்டியிலிருந்து அது 20 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர 40 மீட்டர் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி என்றால் மின்தடை ஏறத்தாழ 0.46 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள்: 35 வாட் வெப்பம் கம்பியிலேயே வீணாகிறது! 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 13 வாட்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் குழாயிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறாது. உறை நாளடைவில் கெட்டுப் போகும். தடித்த கம்பிக்கு 20 மில்லிமீட்டர் குழாயைவிட 25 மில்லிமீட்டர் குழாயே ஏற்றது. குழாயினுள் பாதிக்கு மேல் வெறும் காற்றாக இருப்பது நல்லது.

இணையத்துக்கு வைஃபை இருக்கும்போது குழாய் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கான்கிரீட்டும் அதிலுள்ள இரும்பும் ஈரமும் ரேடியோ அலைகளை வலுவிழக்கச் செய்கின்றன. கீழ்த்தளத்துக் கருவியின் அலை மாடிக்குப் போய்ச் சேரும்போது மெலிந்துவிடும். மாடிக்கு ஒரு தனிக் குழாய் விட்டால் தீர்ந்தது. அது மின்சாரக் குழாயை விட்டு விலகியே இருக்கட்டும்.

மொட்டைமாடிக்கு வருவோம். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டுமே ஒரு டன். அதைத் தாங்கும் சுவரும் தூணும் முன்பே திட்டமிட்டவை என்பதால், தொட்டியைப் பிறகு நினைத்தபடி நகர்த்த முடியாது. ஒட்டன்சத்திரம் ஏறத்தாழ 10.5 பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். 2 மீட்டர் உயரத் தொட்டியின் நிழல் வடக்கே 1.3 மீட்டர் நீளும். ஜூன் இறுதியில் சூரியன் நமக்கு வடக்கே! ஆனால் 13 பாகைதான். தெற்கே விழும் நிழல் அரை மீட்டரைத் தாண்டாது. எனவே தொட்டி வடக்கிலும் மின்பலகைகள் தெற்கிலும் இருப்பதே லாபம். மின்பலகையின் செல்கள் சங்கிலிபோலத் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்தத் தொடரின் மின்னோட்டம் குறையும். தொட்டி தென்மேற்குக் கன்னி மூலையில்தான் வர வேண்டும் என்று தாத்தா சொன்னால் சண்டை வேண்டாம். அதன் நிழல் படாத தூரத்தில் பலகைகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட் போடும் நாளில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. காலிக் குழாய்களின் வாயைத் துணியால் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிமெண்டுப் பால் உள்ளே போனால் குழாய் கல்லாகிவிடும். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு நைலான் கயிறு கிடக்கட்டும். பிறகு அளவு நாடாவைக் கம்பிவலையின் மேல் விரித்து வைத்து, அப்பாவின் கைப்பேசியில் அறை அறையாகப் படம் எடுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து ஊஞ்சல் கொக்கிக்குத் துளை போட வருபவர் முதலில் அந்தப் படத்தைத்தான் கேட்பார்.