அத்தையின் மைலோ டின்னும் பச்சையப்பரின் உயிலும்

மாவட்ட நில அலுவலகத்தில் எங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டபோது காலை பத்தரை மணி. அப்பா எழுந்தார், பெரியப்பா எழுந்தார், சிங்கப்பூரிலிருந்து விடியற்காலையிலேயே பாலம் கடந்து வந்திருந்த சின்ன அத்தை எழுந்தார். பெரிய அத்தை மட்டும் உட்கார்ந்தபடியே மடியில் இருந்த பழைய மைலோ டின்னின் மூடியைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த டின்னுக்குள் 2003ஆம் ஆண்டிலிருந்து கட்டிய சுக்காய் தானா, சுக்காய் பிந்து ரசீதுகள். வருடவாரியாக, ரப்பர் வளையம் போட்டு.

எங்கள் தாத்தா தம்போய் மருத்துவமனையில் வார்டு அட்டெண்டன்டாக இருந்தவர். ஆமாம், அதே மருத்துவமனைதான். இன்று அதற்குப் பெர்மாய் என்று பெயர். ஆனாலும் 'நான் தம்போய்' என்று சொன்னால் இன்றும் எதிரில் இருப்பவர் ஒரு கணம் சிரிப்பை அடக்குவார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 1978இல் தாத்தா தம்போயில் ஒரு சிங்கிள் ஸ்டோரி டெரஸ் வீடு வாங்கினார். முப்பதாயிரம் வெள்ளிக்குள் வாங்கிய வீடு இன்று நாலரை லட்சம் போகும் என்கிறார்கள். தாத்தா 2003இல் காலமானார். உயில் எழுதவில்லை. 'அவ பேசாம இங்கயே இருக்கட்டும்' என்று பெரிய அத்தையைக் காட்டி வாயால் சொன்னார். எல்லாரும் கேட்டோம். எல்லாரும் தலையாட்டினோம். கெரான் மட்டும் 22 ஆண்டுகளாகத் தாத்தா பெயரிலேயே இருந்தது.

பெரிய அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தாவைக் கடைசி வரை பார்த்தவர், பாட்டியை எட்டு ஆண்டுகள் பார்த்தவர். கூரை ஒழுகினால் ஆள் கூப்பிட்டு ஒட்டியவரும் அவர்தான். இதெல்லாம் சட்டத்துக்குத் தெரியுமா என்பதுதான் அன்று காலை என் கேள்வி.

வானொலியில் எட்டு ஆண்டுகளாக நிகழ்ச்சி செய்கிறேன். காதல், கடன், மாமியார் என்று எதைப் பேசினாலும் நேயர்கள் நேரலையில் பேசுவார்கள். சொத்து என்று ஆரம்பித்தால் மட்டும், 'ஆன் ஏர்ல போடாதீங்கம்மா, தனியாப் பேசணும்' என்பார்கள். அந்தத் தனிப் பேச்சுகளில் ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் கல்யாணத்துக்கு முன்பு ஊழியர் சேமநிதியில் தம்பியின் பெயரை எழுதிவைத்தார். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அதை மாற்றவில்லை. அவர் திடீரென்று இறந்தார். முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சேமநிதிப் பணம் பெயர் எழுதப்பட்டவருக்கே போகும். மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: 'அவர் மறந்துட்டார்னு நினைக்கவா, வேணும்னே செஞ்சார்னு நினைக்கவா?' என்னிடம் பதில் இல்லை. அடுத்த பாட்டைப் போட்டேன்.

எங்கள் வீட்டு விவகாரம் சூடு பிடித்த நாள்களில் எனக்குப் பச்சையப்ப முதலியார் மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. சென்னையில் பச்சையப்பன் கல்லூரியைத் தெரியாத தமிழர் குறைவு. அந்தக் கல்லூரி ஓர் உயிலிலிருந்து முளைத்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பச்சையப்பர் 1754இல் பிறந்தவர். பிறக்கும்போதே தகப்பன் இல்லை. நாராயண பிள்ளை என்ற துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, தாமும் துபாஷியாகி, வணிகத்திலும் தஞ்சைச் சீமையின் வரி வசூல், கடன் கொடுக்கல் வாங்கலிலும் பெரும் பணம் சேர்த்தார். இரண்டு மனைவிகள். ஆண் வாரிசு இல்லை. நாற்பது வயதில் உடல் தளர்ந்தபோது, 1794 மார்ச் 22ஆம் தேதி கும்பகோணத்தில் உயில் எழுதினார். மார்ச் 31ஆம் தேதி திருவையாற்றில் உயிர் பிரிந்தது. இடையில் ஒன்பதே நாள்.

சொத்தைச் சிவன், விஷ்ணு கோவில்களுக்கும் ஏழைகளுக்கும் கல்விக்கும் என்று தருமத்துக்கு விட்டார். அந்தக் காலத்தில் இது புதுமை. நம் பழைய வழக்கத்தில் சொத்து ரத்த உறவின்படி இறங்கும். செத்தவர் தாளில் எழுதியபடி அது போகும் என்ற எண்ணம் கும்பினியார் நீதிமன்றங்களோடு வந்தது. 'உயில்' என்ற சொல்லே 'வில்' என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருதான். நம்மிடம் அந்தப் பழக்கம் இருந்திருந்தால் சொல்லும் இருந்திருக்குமே! பச்சையப்பரின் உயில்தான் ஓர் இந்து எழுதிய முதல் ஆங்கில உயில் என்று சொல்வோரும் உண்டு.

எழுதியாயிற்று, கையெழுத்துப் போட்டாயிற்று. அப்புறம்? உறவினர்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள். தருமம் நின்றது. சென்னை உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரத்தில், அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நின்ற பிறகுதான் பணம் அறங்காவலர்கள் கைக்கு வந்தது. 1842இல் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுவே பின்னாளில் கல்லூரியானது. உயிலுக்கும் பள்ளிக்கும் இடையில் 48 ஆண்டுகள். நாங்கள் 22 ஆண்டுகள்தானே என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

சமமாகப் பிரித்துவிட்டால் சண்டை இல்லை என்பது பெரியப்பாவின் கட்சி. 'அஞ்சு பேரு, அஞ்சு பங்கு. இதுல என்ன கஷ்டம்?' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தில் நடந்ததைப் படித்த பிறகு சமம் என்ற சொல்லே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. 1704இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். கத்தோலிக்கர் ஒருவர் இறந்தால் அவர் நிலத்தை மகன்கள் எல்லாருக்கும் சமமாகத் துண்டு போட்டாக வேண்டும். மூத்த மகன் புரோட்டஸ்டன்டாக மாறினால் மட்டும் முழு நிலமும் அவனுக்கு. தலைமுறைக்குத் தலைமுறை துண்டு போட்டால் எந்தக் கத்தோலிக்கக் குடும்பத்திடமும் பெரிய நிலம் மிஞ்சாது என்பதுதான் கணக்கு. 1778இல்தான் அந்த விதி போனது. அதாவது, 74 ஆண்டுகள் அங்கே சமபங்கு என்பது ஒரு தண்டனை.

அந்தக் காலத்து ஐரிஷ் உயில்களை இன்று மூலத்தில் பார்ப்பதும் கடினம். 1922 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததில் நூற்றாண்டுக் கணக்கான உயில்கள் சாம்பலாயின. யார் யாருக்கு என்ன உறவு என்று ஓரளவாவது இன்று தெரிகிறது என்றால், வில்லியம் பெத்தம் என்பவர் அதற்கு நூறாண்டு முன்பே அவற்றிலிருந்து குடும்ப விவரங்களைக் குறிப்பெடுத்து வைத்திருந்தது பெரிய காரணம். அத்தையின் மைலோ டின் நினைவுக்கு வந்தது. நகல் எடுத்து வைத்தேன்.

நம்மவர்களிலும் யாழ்ப்பாணத்தார் இந்தப் பங்கு விவகாரத்தை அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். 1707இல் டச்சுக்காரர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையில், பரம்பரையாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கணவன் மனைவி சேர்ந்து சம்பாதித்தது தேடிய தேட்டம் என்று மூன்று வகை. கூடவே இருந்து பார்த்த மகளுக்கு என்று நான்காவது வகை அதிலும் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பேசும். மனைவியோ கணவரோ, பிள்ளைகள், பெற்றோர் என மூவகையினரும் இருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. மகன், மகள் பேதம் இல்லை. பிள்ளைகள் இருக்கும்போதே பெற்றோருக்கும் பங்கு என்பது 1997 திருத்தத்தில் வந்தது. மருமகன், மருமகள், வளர்ப்புத் தம்பி, வீட்டோடு இருந்து சோறு போட்டவர் என்று யாருக்கும் இதில் இடம் இல்லை. கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே குடும்பம் நடத்துகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். துணை என்று நிரூபிக்க அங்கே முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. தாத்தா இறந்தபோது பாட்டிக்கு மூன்றில் ஒன்று, ஐந்து பிள்ளைகளுக்கு மீதி. பாட்டி 2011இல் போனதும் அந்தப் பங்கும் ஐவருக்கு இறங்கி, ஆளுக்கு ஐந்தில் ஒன்று ஆனது. 2016இல் சித்தப்பா மாரடைப்பில் போனார். அவருடைய ஐந்தில் ஒன்று சித்திக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரிந்து, ஆளுக்குப் பதினைந்தில் ஒன்று. நாலரை லட்சத்தில் முப்பதாயிரம் வெள்ளி. ஒரு வீடு, மூன்று மரணம். தாத்தா இறந்த ஆண்டே முடித்திருந்தால் ஒரு மனுவில் போயிருக்கும்.

நிலமோ வீடோ இருந்து, உயில் இல்லாமல், மொத்தச் சொத்து ஐம்பது லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் நில அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்பு இருபது லட்சமாக இருந்த வரம்பை 2024இல் உயர்த்தினார்கள். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. மனு கொடுத்தால் பிச்சாராவுக்குத் தேதி தருவார்கள். வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும், வர முடியாதவர் சம்மதக் கடிதம் தர வேண்டும். இந்த 'எல்லாரும்' என்ற சொல்தான் குடும்பங்களைக் கொல்கிறது. எங்களுக்கு எட்டு மாதம் போனது தேதிக்காக அல்ல, சின்ன அத்தையும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதற்காக.

பிச்சாராவில் அதிகாரி மலாயில் ஒவ்வொரு பெயராகப் படித்தார். பங்கைச் சொன்னார். 'சம்மதமா, வேறு ஏற்பாடு உண்டா?' என்று கேட்டார். அப்பா எழுந்து, 'என் பங்கை அக்காவுக்குக் கொடுத்துடறேன்' என்றார். முன்பே வீட்டில் சொன்னதுதான். ஆனாலும் அந்த அறையில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது, அது எனக்கும் வர வேண்டிய பங்கு என்ற சின்னக் குரலும் உள்ளே கேட்டது. மறைக்க விரும்பவில்லை. சின்ன அத்தையும் அப்படியே சொன்னார். பெரியப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி எழுந்தார். 'எனக்கும் கொடுக்கணும்னுதான் ஆசை…' என்று தொடங்கி நிறுத்திவிட்டார். மூத்தவன் கல்லூரியில் படிக்கிறான், சின்னவளுக்குப் பதினாறு வயது. அதிகாரி குறுக்கிட்டு, வயது வராத பிள்ளையின் பங்கை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது, தாயே சொன்னாலும் முடியாது என்றார். பெரிய அத்தை உடனே தமிழில், 'நான் எப்ப கேட்டேன்? அது அவன் பிள்ளைங்க காசு. நீ உட்காரு' என்று சித்தியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

பிறகு மைலோ டின்னை மேசைமேல் வைத்தார். 22 ஆண்டு ரசீதுகள். அதிகாரி இரண்டு மூன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வரி கட்டியதால் பங்கு கூடாது என்று மரியாதையாகவே விளக்கினார். 'கூட வேணாம்' என்றார் அத்தை. 'நான் சும்மா இருக்கலன்னு இவங்க தெரிஞ்சுக்கணும்.' அவர் பெரியப்பா பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் பதிவானது இது: பெரிய அத்தைக்குப் பதினைந்தில் ஒன்பது, பெரியப்பாவுக்கு மூன்று, சித்தி வீட்டுக்கு மூன்று. அத்தை இருக்கும்வரை வீட்டை விற்கும் பேச்சு இல்லை என்று பெரியப்பா வாசலில் அப்பாவிடம் சொன்னார். வாயால்தான். எழுதிக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. அப்பா முறைத்தார்.

அன்று மாலையே அத்தை என்னைக் கூப்பிட்டு, தானும் உயில் எழுத வேண்டும் என்றார். 1959ஆம் ஆண்டின் உயில் சட்டத்தைச் சொன்னேன். பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும், சுயநினைவோடு எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருந்து கையெழுத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் கல்யாணம் செய்துகொண்டால் பழைய உயில் செல்லாது என்றதும், 'அந்தக் கவலை எனக்கு வேணாம்' என்று சிரித்தார். சொத்தை நிறைவேற்றித் தர ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். உயில் இருந்தால் நில அலுவலகத்தின் இந்த வழி இல்லை, உயர் நீதிமன்றம் போக வேண்டும், கொஞ்சம் செலவாகும் என்பதையும் சொன்னேன்.

'அப்ப நீயே ஒரு சாட்சி போட்டுடு. உன் பேரையும் உள்ள எழுதறேன்.'

'முடியாது அத்தை. சாட்சி போடறவங்களுக்கோ அவங்க கணவன் மனைவிக்கோ உயில்ல எழுதின சொத்து செல்லாது. ஒண்ணு சாட்சி, இல்ல பங்கு.'

அத்தை மைலோ டின்னை மூடி அலமாரிக்கு மேல் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

'சரி, பக்கத்து வீட்டு ரெண்டு பேரையும் கூப்பிடறேன். நீ அடுப்படில நின்னு அவங்களுக்குத் தண்ணி கலக்கிக் கொடு. எட்டிப் பார்க்காத.'