மீன் முள் குத்திய விரல்: மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய செய்தி

மீன் கழுவும்போது விரலில் முள் குத்துவது நம் வீடுகளில் ஒரு செய்தியே அன்று. குத்திய இடத்தைக் குழாய் நீரில் ஒரு முறை காட்டிவிட்டு, குழம்பு கொதிக்கும் முன்பே அதை மறந்துவிடுகிறோம். பெரும்பாலான காயங்கள் அவ்வாறே ஆறியும் விடுகின்றன. ஆறாமல் நின்றுவிடும் சில காயங்களைப் பற்றி எங்கள் நோயாளிகளும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு உள்ள ஓர் அம்மையார், வலக்கை ஆள்காட்டி விரலில் சிறு கட்டியோடு எங்களிடம் வந்தார். வலி அதிகமில்லை, காய்ச்சல் இல்லை. அதற்கு முன்பே வேறிடங்களில் இரண்டு முறை மாத்திரை வாங்கி உண்டிருந்தார். நாங்களும் முதல் வருகையில் மற்றொரு மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். மூன்றாம் முறை அவர் வந்தபோது, முன்னங்கையில் மேலும் இரண்டு கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பியிருந்தன. அன்று உடன் வந்த மகள், “அம்மாவுக்குப் பொங்கலுக்கு முன்னாலே கெளுத்தி முள்ளு குத்துச்சு டாக்டர், அதனாலே இருக்குமோ?” என்று கேட்டார். அதன் பின்னரே திசுவை எடுத்து உரிய சோதனைக்கு அனுப்பினோம். நோயின் பெயரும் தெரியவந்தது. விரல் பிழைத்தது. ஆயினும் பல மாதங்கள் மருந்து உண்ண வேண்டியிருந்தது. நாங்கள் முதல் நாளே மீனைப் பற்றிக் கேட்டிருந்தாலும், அவர் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தாலும், அந்த மாதங்களில் சில மிஞ்சியிருக்கும்.

மீன் குத்திய காயம் ஏன் வேறானது?

கத்திக் காயம் வாய் திறந்து இருக்கும். குருதியோடு அழுக்கும் ஓரளவு வெளியேறும். முள் குத்திய காயமோ ஊசித் துளை போன்றது. மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ள, மீனின் மேலுள்ள வழுவழுப்பும் அதிலுள்ள கிருமிகளும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. சில வேளை முள்ளின் நுனியும் முறிந்து உள்ளே நின்றுவிடும்.

விரலின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. உள்ளங்கைப் பக்கத்தில், தோலுக்குச் சற்றுக் கீழேயே, விரலை மடக்கும் தசைநாண்கள் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. கிருமி அவ்வுறைக்குள் புகுந்தால் குழாய்வழி நீர் பரவுவதைப்போல் விரல் நெடுகப் பரவிவிடும்.

நீரில் வாழும் கிருமிகள் நம் தோலில் வழக்கமாகக் குடியிருக்கும் கிருமிகளினின்று வேறானவை என்பதும் முக்கியமானது. சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கும் மாத்திரை இவற்றுள் சிலவற்றுக்குச் சிறிதும் பயன்படாது. மருத்துவருக்கு மீன் என்ற சொல் தேவைப்படுவது இதனால்தான்.

மணிக்கணக்கில் வருவது

முள் குத்திய அன்றோ மறுநாளோ கை வேகமாகச் சிவந்து வீங்கி, காயத்தின் அளவுக்கு மீறிய வலி தோன்றினால் அது அவசர நிலை. தோல் கருஞ்சிவப்பாக மாறுவதும், குருதி கலந்த நீர்க்கொப்புளங்கள் எழும்புவதும், காய்ச்சலோடு குளிர் நடுக்கம் வருவதும் அபாய அறிகுறிகள்.

இவ்வாறு விரைந்து பரவும் கிருமிகளுள் ஒன்று வைப்ரியோ வல்னிஃபிகஸ். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் வெதுவெதுப்பான கழிமுகங்கள் இதற்கு உகந்த இடம். கல்லீரல் நோய் உள்ளவர்களை இது கடுமையாகத் தாக்குகிறது. இத்தொற்றுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்துபோகக்கூடும். அதுவும் சிலரிடம் ஓரிரு நாள்களுக்குள். ஆறு, குளம், ஏரி மீன்களைக் கையாளும்போது ஏரோமோனாஸ் என்னும் கிருமி இதே போன்ற விரைந்த தொற்றை உண்டாக்கலாம். இந்நிலையில் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

நம் சந்தைகளில் உயிரோடு கிடைக்கும் ஜிலேபி மீனுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1995–96 குளிர்காலத்தில் கனடாவின் டொராண்டோ நகரில், சமைப்பதற்காக இம்மீனைக் கையாண்ட சிலர் கை வீக்கத்தோடும் காய்ச்சலோடும் மருத்துவமனைக்கு வந்தனர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்ற கிருமி மீனிலிருந்து அவர்களுடைய கைக்காயங்களின் வழியே குருதியில் கலந்திருந்தது. அவர்களுள் பலர் முதியவர்கள். பென்சிலின் அவர்களைக் குணப்படுத்தியது.

நாள்கணக்கில் வருவது

காயம் பட்ட இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், விரலில் ஊதா கலந்த சிவப்புத் திட்டு ஒன்று தோன்றலாம். அதன் விளிம்பு கோடு கிழித்தாற்போல் தெளிவாக இருக்கும். வீக்கம் சிறிதே, ஆனால் விண்விண்ணென்ற வலியும் எரிச்சலும் மிகுதி. சீழ் இராது. இதை உண்டாக்கும் கிருமியின் பெயர் எரிசிபெலோத்ரிக்ஸ். மீன் வெட்டுபவர்கள், இறைச்சிக்கடைப் பணியாளர்கள் ஆகியோரின் தொழில்நோயாக மருத்துவ நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.

மீனை உப்பிடுவதாலும் புகையூட்டுவதாலும் இக்கிருமி எளிதில் மடிவதில்லை. எனவே கருவாட்டைக் கையாள்பவர்களும் கைக்காயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பென்சிலின் வகை மருந்துகளுக்கு இது நன்கு கட்டுப்படும். கவனிக்காமல் விட்டால், அரிதாக இதய வால்வுகளைத் தாக்கவும் கூடும்.

வாரக்கணக்கில் வருவது

நாங்கள் மேலே குறிப்பிட்ட அம்மையாருக்கு வந்தது இவ்வகை. மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற இக்கிருமி காசநோய்க் கிருமிக்கு உறவினம். முள் குத்தி இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து, சில வேளை பல மாதங்கள் கழித்து, விரலிலோ புறங்கையிலோ சிறு கட்டியாகத் தோன்றும். மெல்லப் புண்ணாகும், பிறகு கை நெடுக மேல்நோக்கிப் புதிய கட்டிகள் வரலாம். அதற்குள் முள் குத்தியதை நோயாளி மறந்தே போயிருப்பார். வீட்டில் வண்ணமீன் தொட்டியைக் கழுவும் பிள்ளைகளுக்கும் இது வரலாம்.

இதில் மூன்று செய்திகளைக் குடும்பத்தினர் மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இக்கிருமி நம் உடலின் உள்வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்தில், 30 பாகை செல்சியஸ் அளவில்தான் நன்கு வளரும். ஆய்வகத்தில் வழக்கமான 37 பாகையில் வைத்தால் கிருமி இல்லை என்று முடிவு வரக்கூடும். மீன் முள் குத்தியதை நீங்கள் சொன்னால்தான் உரிய வெப்பத்தில் வைத்துப் பார்க்குமாறு நாங்கள் ஆய்வகத்தைக் கேட்க முடியும்.

இரண்டாவது, மூட்டு அருகே வரும் வீக்கத்தை வாதநோய் என்று கருதி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் தொற்று மேலும் பரவும். காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுள்ளும் சில இதற்குப் பயன்படுவதில்லை.

மூன்றாவது, இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. காசநோயின் உறவினம் என்று கேட்டவுடன் நோயாளிக்குத் தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுக்கி வைக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறோம். அது தேவையற்றது, நோயாளியின் மனத்தை மட்டுமே புண்படுத்துவது.

நஞ்சுள்ள முட்கள்

தேளி, கெளுத்தி, ஓரா ஆகிய மீன்களின் துடுப்பு முட்களிலும், திருக்கையின் வாலிலுள்ள முள்ளிலும் நஞ்சு உண்டு. குத்திய கணமே தாங்க முடியாத வலி எழுவது அதனால்தான். இந்நஞ்சு ஒரு புரதம், வெப்பத்தால் சிதையும். எனவே கையைச் சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை வெப்பத்தில், 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். நீர் ஆறினால் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நீரின் சூட்டைக் காயம்பட்ட கையால் அளக்கக் கூடாது. மற்றொரு கையால் பார்க்க வேண்டும். நீரிழிவால் இரு கைகளிலும் உணர்ச்சி குன்றியவர்களுக்கு வீட்டில் உள்ள வேறொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லையேல் முள் காயத்தோடு வெந்த புண்ணும் சேர்ந்துவிடும். திருக்கை முள் ஆழமாகக் குத்தியிருந்தால், அதைப் பிடுங்க முயலாமல் மருத்துவமனைக்கு வருவதே நல்லது.

குத்தியவுடன் செய்ய வேண்டியவை

வேலையை நிறுத்துங்கள். மோதிரத்தை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற இயலாது. ஓடும் நீரில் சோப்பிட்டு ஐந்து நிமிடமாவது நன்கு கழுவுங்கள். மேலாகத் தெரியும் முள்ளைச் சுத்தமான இடுக்கியால் குத்திய திசையிலேயே இழுத்து எடுக்கலாம். ஆழத்தில் உள்ளதை ஊக்கால் தோண்ட வேண்டா. சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் ஆகியவற்றைத் துளையில் வைத்து அடைக்காதீர்கள். அவை கிருமியைக் கொல்லாமல் உள்ளே பூட்டிவிடும். வாயால் உறிஞ்சுவதும் துணியால் இறுகக் கட்டுவதும் கூடா.

ரணஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதை நினைவுகூருங்கள். இத்தகைய அழுக்கான, ஆழ்ந்த காயத்திற்கு, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே இருப்பதாக ஐயம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சில முட்கள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. அப்போது ஸ்கேன் உதவும்.

யார், எப்போது காத்திருக்கக் கூடாது?

நீரிழிவு, கல்லீரல் நோய், நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களும், நாள்தோறும் மது அருந்துபவர்களும், புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டு மாத்திரையோ உட்கொள்பவர்களும் முள் ஆழமாகக் குத்தினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஃபிஸ்டுலா உள்ள கையால் மீன் நறுக்கும் வேலையைச் செய்யாதிருப்பதே நன்று.

மற்றவர்களும் நான்கு அடையாளங்களை அறிந்திருக்க வேண்டும்: விரல் முழுதும் ஒரே சீராக வீங்குதல், விரல் தானே சற்று மடங்கி நிற்றல், உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுகத் தொட்டால் வலித்தல், விரலை மெல்ல நிமிர்த்தினால் உயிர் போகும் வலி. இவை தசைநாண் உறையில் தொற்று புகுந்ததைக் காட்டுபவை. சில மணி நேரத் தாமதமும் விரலின் அசைவைப் பறித்துவிடலாம். கையில் சிவப்புக் கோடு மேலேறுதல், அக்குளில் நெறி கட்டுதல், காய்ச்சல் ஆகியவையும் உடனே வரவேண்டிய அறிகுறிகள். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தக் கைக்கட்டியையும் காட்டிவிடுங்கள்.

குத்தாமல் காத்துக்கொள்ள

கையில் வெட்டுக்காயமோ நகச்சுற்றோ இருக்கும் நாளில் மீன் கழுவும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும். கடையிலேயே துடுப்புகளையும் செவுள்களையும் வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் வெட்டுவதாயின் முதலில் கத்தரியால் துடுப்பு முட்களை நறுக்கிவிட்டு, பிறகு செதில் நீக்குங்கள். நண்டின் கொடுக்கும் இறால் தலையின் முள்ளும் அதே கவனத்திற்குரியவை. அரிவாள்மனையின் முன் அமர்ந்தபின் பேச்சும் தொலைபேசியும் வேண்டா.

மெல்லிய கையுறை முள்ளைத் தடுக்காது. தடித்த ரப்பர் கையுறை ஓரளவு காக்கும். மீன் வெட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள், வெட்டுத் தாங்கும் கையுறையை உள்ளேயும் நீர்புகா ரப்பர் கையுறையை வெளியேயும் அணியலாம். பனிக்கட்டியில் நெடுநேரம் கை வைத்தால் விரல் மரத்து, குத்தியதே தெரியாமல் போகும். அவ்வப்போது கையைத் துடைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவி, வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலையும் பாருங்கள். நீரிழிவால் விரல் மரத்தவர்களுக்குக் குடும்பத்தினர் பார்க்க வேண்டும்.

இவற்றைப் படித்து மீனையே விட்டுவிட வேண்டியதில்லை. நன்கு வெந்த மீன் நோயாளிகளுக்கும் நல்லுணவே. நாங்கள் வேண்டுவது ஒன்றே. கையில் புண்ணோ கட்டியோ வீக்கமோ என்று எந்த மருத்துவரிடம் சென்றாலும், அவர் கேட்காவிட்டாலும், “மீன் முள் குத்தியது, இன்ன மீன், குத்தி இத்தனை நாளாயிற்று” என்று சொல்லுங்கள். நோயாளி மறந்தால் உடன் வருபவர் சொல்லுங்கள். அந்த மகள் அன்று கேட்ட கேள்விக்குப் பின், கைக்கட்டியோடு வருபவர்களிடம் நாங்களும் மீனைப் பற்றிக் கேட்கத் தவறுவதில்லை.