ஹட்டனில் ஹத, தெஹ்ரானில் ஹஃப்த்

ஹட்டன் சந்தையில் சிங்கள வியாபாரி ஏழு என்பதை 'ஹத' என்கிறார். தெஹ்ரான் கடைக்காரர் 'ஹஃப்த்' என்கிறார். இது தற்செயலா? பாதி தற்செயல், பாதி உறவு.

இரண்டுக்கும் மூலச்சொல் ஒன்றே. ஆனால் அதை எந்தக் கல்வெட்டிலும் காண முடியாது. வழித்தோன்றல் மொழிகளை ஒப்பிட்டு மொழியியலாளர் மீட்டெடுத்த சொல் அது. அதனால்தான் முன்னால் நட்சத்திரக் குறி போட்டு '*ஸப்த' என்று எழுதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான ஆகுஸ்ட் ஷ்லைகர் பரப்பிய வழக்கம் இது. சமஸ்கிருதத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய அப்படியே நின்றது. நம் சப்தமியும் சப்த கன்னியரும் அதன் வழி வந்தவை. (தமிழின் 'ஏழு' வேறு குடும்பம், திராவிடம்.)

ஈரானியக் கிளையில் உயிரொலிக்கு முன்னால் வந்த 'ஸ' எல்லாம் 'ஹ' ஆயிற்று. சிந்துவைப் பழைய பாரசீகர் 'ஹிந்து' என்றதும் இந்த விதியால்தான். அவெஸ்தாவில் ஏழு 'ஹப்த', இன்றைய பாரசீகத்தில் 'ஹஃப்த்'. காக்கசஸ் மலையின் ஒசேட்டிய மொழியில் அது 'அவ்த்'. ஆப்கானிஸ்தானின் பஷ்தோவிலோ 'ஓவ'. கேட்டால் சொந்தமென்றே தோன்றாது. ஆனாலும் இந்தத் தேய்மானம் அந்தந்த மொழியில் மற்றச் சொற்களிலும் அதே முறையில் நடந்திருக்கிறது. உறவை நிறுவுவது அந்த ஒழுங்குதான்.

காதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். பாரசீகத்தில் எட்டு 'ஹஷ்த்'. அந்த 'ஹ' எந்த 'ஸ'விலிருந்தும் வந்ததல்ல. சமஸ்கிருதத்தில் எட்டு 'அஷ்ட'. வரிசையாக எண்ணும்போது முன்னால் நிற்கும் 'ஹஃப்த்'தைப் பார்த்து அந்த 'ஹ' ஒட்டிக்கொண்டது. சிங்கள 'ஹத'வும் ஈரானிலிருந்து வரவில்லை. சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. பாலியில் 'ஸத்த' என்று இருக்கும் சொல், சிங்களத்தில் பிற்காலத்தில் தனியாக 'ஹ'வுக்கு மாறியது. மூலம் உறவு, 'ஹ' தற்செயல்.

கடன்சொல்லும் காதை ஏமாற்றும். தேயிலைக்கு வருவோம். பாரசீகம், பஷ்தோ, குர்திஷ் மூன்றிலும் தேநீருக்கு 'சாய்', ஒசேட்டியத்தில் 'த்ஸாய்'. இந்த ஒற்றுமையே சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பிரிந்துவிட்ட மொழிகளில் பரம்பரைச் சொல் இவ்வளவு தேயாமல் இருக்காது. சீனரின் 'சா' தரைவழியாகப் பிற்காலத்தில் போய்ச் சேர்ந்த சொல் அது. தென்சீனத் துறைமுகத்தார் சொன்ன 'தே'யை டச்சுக் கப்பல்கள் கொண்டுபோயின. நம் தேத்தண்ணியிலும் சிங்களவரின் 'தே'யிலும் இருப்பது அதுதான். 2021 டிசம்பரில், சுமார் 25 கோடி டாலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்க்க இலங்கை ஈரானோடு ஒப்பந்தம் செய்தது. இங்கே தேயிலையாகக் கப்பலேறுவது அங்கே இறங்கியதும் 'சாய்' ஆகிவிடுகிறது.

மறுபடி எண்களுக்கு வருவோம். வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் சதுர்த்தி, சஷ்டி, சப்தமி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் சிங்களத்தின் ஹதர, ஹய, ஹத மூன்றையும் எழுதிப் பாருங்கள். நாலு, ஆறு, ஏழு என்று மூன்றும் வரிசையாகப் பொருந்தும்.